கருப்பனும் கருவேல முள்ளும்

காலைல அஞ்சரைக்கே எங்க நாய் கருப்பன் வந்து போர்வைய இழுக்குறான், சரி வாடான்னு உச்சிப்புளி பக்கம் பனங்காட்டுக்குள்ள கூட்டிட்டு போனா, நேத்து பேஞ்ச மழைல மணலு சில்லுன்னு கெடக்கு, வாடை காத்துல ஓலை சலசலன்னு ஒரே சத்தம், அதுலயே பாதி தூக்கம் போயிருச்சு. திடீர்னு புதருக்குள்ள என்னமோ சரசரங்குது, விரியனா இருக்குமோன்னு சங்கிலிய சுண்டி இழுத்தேன், பாத்தா கவுதாரி! ரெண்டு கவுதாரி பறந்துச்சு, இவன் வாயப் பொளந்துட்டு நிக்கிறான். வீரன்.

திரும்பையில நொண்ட ஆரம்பிச்சுட்டான். உடைமரம் நம்ம ஊரு மரம், சீமைக்கருவேலம் அமெரிக்கா கண்டத்துல இருந்து வந்தது, ஆனா நாய் காலுக்கு ரெண்டு முள்ளும் ஒண்ணுதான். பனை மூட்டுல உக்காந்து ஊக்கால நோண்டி எடுத்தேன், அரை இஞ்ச் இருக்கும், முனை கருப்பா, அவன் பாட்டுக்கு என் கைய நக்கிட்டு இருக்கான்.

வீட்டுக்கு வந்து காத மடக்கி பாத்தா கொட்டமுத்து (ஆமணக்கு விதை) சைசுல நாலு உண்ணி. புடுங்கி மண்ணெண்ணெயில போட்டாச்சு. அம்மா, "பெத்த தாய்க்கு ஒரு நாளாவது பேன் பாத்தியாடா"ங்குது 😄