கரண்ட் வைத்த நாட்கள்

மே 27, 2024, திங்கள்
மலக்குடல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கப் போகிறார்கள். இன்று வெறும் ஸ்கேன். அப்படியே அசையாமல் படுக்க வைத்து, இடுப்பின் இருபுறமும் ஒன்று, அடிவயிற்றில் ஒன்று என மூன்று பச்சைப் புள்ளி குத்தினார்கள். தினமும் லேசர் கோடு இந்தப் புள்ளிகளில் வந்து விழ வேண்டுமாம். அப்பாயி கையில் தேளே பச்சை குத்தியிருந்தாள். எனக்குக் கடுகளவுதான்.

ஜூன் 3, திங்கள்
கதிர்வீச்சு தொடங்கியது. ஊரில் இதைத்தான் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை, மெஷின் சுற்றும் சத்தம் மட்டும். 28 தடவை, சனி ஞாயிறு லீவு. மொத்தம் 50.4 கிரே, கதிரை அளக்கும் கணக்கு அது. காலையும் இரவும் சாப்பிட்டபின் கேப்சிடபைன் என்ற புற்றுநோய் மாத்திரை.

ஆபரேஷனுக்கு முன்னாலேயே எதற்கு என்று டாக்டரிடம் கேட்டேன். முன்பு பலருக்கும் பிறகுதான் கொடுத்தார்களாம். 2004இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், முன்னால் கொடுத்தவர்களுக்கு ஐந்து ஆண்டுகளில் அதே இடத்தில் கட்டி திரும்பியது 6 சதவீதம், பின்னால் கொடுத்தவர்களுக்கு 13. ஆயுளில் வித்தியாசம் இல்லை. இதையும் மறைக்காமல் சொன்னார், பிடித்தது.

ஜூன் 11, செவ்வாய்
மூத்திரப்பை நிரம்பியிருந்தால் சிறுகுடல் மேலே ஒதுங்கி, கதிர் அதிகம் படாமல் தப்பிக்கும். அதனால் அரை லிட்டர் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் அடக்க வேண்டும். இன்று என் முறை வரும்போது மெஷின் மக்கர். "அஞ்சு நிமிஷம்ய்யா" என்றார்கள். அரை மணி ஆயிற்று. பக்கத்து பெஞ்சுப் பெரியவர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கும் முட்டியது. இருவரும் எழுந்து ஓடினோம். அப்புறம் என்ன, மறுபடி முதல் தம்ளரிலிருந்து.

ஜூன் 20, வியாழன்
பதினான்காவது. ராத்திரி ஒன்பது தடவை பாத்ரூம். வருவது போலவே இருக்கும், உட்கார்ந்தால் சளி மட்டும். மலக்குடல் உள்ளே புண்பட்டுக் கிடப்பதால் அப்படியாம், கட்டி வளர்ந்துவிட்டதோ என்று நான்தான் பயந்தேன். நீர்க்கடுப்பு வேறு. டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் சுகம். கீரை, பால் நிறுத்தம், குழைந்த மோர்சாதம்.

ஜூலை 10, புதன்
28 முடிந்தது. கதிர் செய்த வேலை இன்னும் சில வாரம் உள்ளே நடக்குமாம். அதனால் எட்டு வாரம் பொறுத்து எம்ஆர்ஐ, அப்புறம் ஆபரேஷன்.

ஜூலை 11, வியாழன்
ஒன்பது மணிக்கு வீட்டுக்காரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பாதி குடித்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.