வால்யூம் நாலுக்கு மேல்

மார்ச் 3, செவ்வாய்

மைக்கைக் கையில் பிடித்து மவுத் ஆர்கன் வாசிக்கிறேன். சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி, அதாவது ஆம்ப், அதன் வால்யூமை நாலில் வைத்தால் டிரம்ஸ் விழுங்கிவிடுகிறது. ஐந்துக்குப் போனால் விசில். நாலரையில் வைத்தால் இன்னும் மோசம்: வாசிக்கும்வரை சாதுவாக இருந்துவிட்டு, வாயை எடுத்த மறுநொடி கத்துகிறது.

கிதார்காரர் ஒரே பல்லவி: "பெரிய ஆம்பா வாங்குப்பா." அவருக்கு வாட்ஸ் போதவில்லை என்றால் வாட்ஸைக் கூட்டிக்கொள்ளலாம். என் தொல்லை வாட்ஸ் இல்லை. 15 வாட்ஸ் ஆம்பில் எந்தச் சத்தத்தில் விசில் வருகிறதோ, அதே இடத்தில் 50 வாட்ஸ் ஆம்பை வைத்தாலும் ஏறக்குறைய அதே சத்தத்தில்தான் வரும். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பதே 3 டெசிபல். அதைத் தொடுவதற்குள் மைக் ஸ்பீக்கரைக் கேட்டுவிடும். ஆம்பில் இன்னும் பாதிக்கு மேல் பலம் சும்மா கிடக்கிறது. அதை எடுக்க விசில் விடமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

படுக்கும்போது இடது காதில் மெல்லிசாக 'ஈ' என்று ஒரு ரீங்காரம்.

மார்ச் 4

காலையிலும் போகவில்லை.

மார்ச் 5, வியாழன்

வாயை எடுத்ததும் ஏன்? வாசிக்கும்போது ஏன் இல்லை? நாள் முழுக்க இதே யோசனை. வேலையில் ஒரு மின்னஞ்சலுக்கு இரண்டு தடவை பதில் போட்டிருக்கிறேன்.

ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் சத்தம் மைக்குக்குத் திரும்பி வருகிறது. ஆம்ப் அதைப் பெருக்கி மறுபடி வெளியே விடுகிறது. ஒரு சுற்று முடிந்து கிளம்பும்போது முன்பு கிளம்பிய அளவுக்குக் குறையாமல் இருந்தால் அது செத்துப்போகாது, சுற்றுக்குச் சுற்று ஏறும். எந்தச் சுருதியில் ஏறும் என்றால், மைக், ஸ்பீக்கர், அறை மூன்றும் சேர்ந்து எதைத் தூக்கிக் கொடுக்கின்றனவோ அதில். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஆம்புக்குள் சத்தத்தைப் பெருக்குபவை வால்வுகள், கண்ணாடிக் குழாய்கள். நான் பலமாக ஊதும்போது முதல் வால்வு ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. உள்ளே இன்னும் கொட்டினாலும் வெளியே அதிகம் வராது. அந்த நேரத்தில் ஆம்பின் பெருக்கம் நிஜமாகவே குறைந்துதான் இருக்கிறது. வாயை எடுத்தால் வால்வு மூச்சு விடுகிறது, முழுப் பெருக்கமும் திரும்பி வந்துவிடுகிறது. அறையில் இருக்கும் தம்மாத்தூண்டு சத்தமும் முழுசாகப் பெருகுகிறது. விசில்.

அப்படியானால் விசிலைத் தீர்மானிப்பது நான் சும்மா இருக்கும்போது உள்ள பெருக்கம். டிரம்ஸ்காரனுக்குக் கேட்பதைத் தீர்மானிப்பது நான் ஊதும்போது உள்ள பெருக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு சத்தத்தை நான் கை நழுவ விடுகிறேன். முதல் வால்வு எவ்வளவு சீக்கிரம் திணறுகிறதோ அவ்வளவு நஷ்டம். கரகரப்பு வேண்டும்தான், அது இல்லாமல் இந்த வாத்தியத்தை ஆம்பில் போடுவதே வீண். ஆனால் கரகரப்பு கடைசியில், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்விலும் ஸ்பீக்கரிலும் வரட்டும். வாசலிலேயே வேண்டாம்.

தூக்கம் வரவில்லை. வராததற்குக் காரணம் ஆம்பா காதா, தெரியவில்லை.

மார்ச் 7, சனி

வால்வு மாற்றினேன்.

முதல் இடத்தில் இருந்தது 12ஏஎக்ஸ்7. பெருக்க எண் 100. அதே ஒன்பது கால், அதே சாக்கெட்டில் உட்காரும் தம்பிகள் உண்டு: 5751க்கு 70, 12ஏஒய்7க்கு 44 அளவில், 12ஏயூ7க்கு 20க்குள். பழைய ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பில், பத்து அங்குல ஸ்பீக்கர் நாலு வைத்த 1959 மாடலில், முதல் வால்வே 12ஏஒய்7தான். மவுத் ஆர்கன்காரர்கள் அந்த ஆம்பை விடாமல் கட்டிக்கொண்டு அழுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் சூடு ஆற விட்டேன். பின்பக்கம் வழியாகவே கை போகும், உள்ளே திறக்க வேண்டியதில்லை. தகர மூடியை அழுத்தித் திருகினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு கழன்று வருகிறது. கண்ணாடியைப் பிடித்து லேசாக வட்டமாக ஆட்டி ஆட்டி மேலே இழுக்க வேண்டும், ஒரு பக்கமாகச் சாய்த்தால் கால் வளையும். புதியதில் ஒரு கால் கொஞ்சம் கோணல். நகத்தால் நிமிர்த்தினேன். ஒன்பது காலும் வட்டத்தில் ஒரு இடைவெளி விட்டு நிற்கும், அதைச் சாக்கெட்டோடு பொருத்தி அழுத்தியதும் 'நறுக்' என்று உட்கார்ந்தது.

12ஏயூ7: ஏழு வரைக்கும் விசில் இல்லை. ஆனால் உயிரும் இல்லை. சுத்தமாக, அட்டை மாதிரி.

12ஏஒய்7: ஆறரை. குமிழில் உள்ள எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது, பெருக்கம் குறைந்தால் எண் ஏறத்தான் செய்யும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் துளையில் மூச்சை உள்ளே இழுத்துக் கேட்டேன். கேட்டேன் என்ன, நெஞ்சில் இடித்தது. அழுத்தி இழுத்தால் சத்தம் இன்னும் ஏறுகிறது! முன்பெல்லாம் அழுத்தினால் கரகரப்பு மட்டும்தான் ஏறும்.

சந்தோஷம்.

மார்ச் 8

அம்மா போனில் பேசும்போது ரிசீவரை வலது காதுக்கு மாற்றினேன். யாரும் கவனிக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

ஒத்திகை. சந்தோஷம் அங்கே பாதியாயிற்று. வீட்டில் ஆறரை, அங்கே ஐந்தேகால். அறை சின்னது, சுவர் மொட்டை.

ஆம்ப் எனக்குப் பின்னால், தரையில், முழங்காலைப் பார்த்துக்கொண்டு. எல்லோரும் அப்படித்தான் வைக்கிறோம். பத்து அங்குல ஸ்பீக்கர் மேல்சுருதிகளை டார்ச் அடிக்கிற மாதிரி நேர்கோட்டில்தான் அனுப்பும். என் முழங்காலுக்கு எல்லாம் நன்றாகக் கேட்கிறது. காதுக்குக் கேட்கவில்லை என்று நான் குமிழைத் திருப்புகிறேன், முன்வரிசையில் நிற்பவன் காதைப் பொத்துகிறான்.

ஒரு நாற்காலி மேல் தூக்கி வைத்து, பின்பக்கம் சாய்த்தோம். என் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில், கொஞ்சம் முன்னே தள்ளி, கையிலிருக்கும் மைக்கின் முகம் ஸ்பீக்கரைப் பார்க்காதபடி. என் கையிலிருக்கும் புல்லட் மைக் எல்லாப் பக்கமும் கேட்கிற ஜாதி, முகம் திருப்பினால் என்ன பெரிய லாபம் என்று நினைக்கலாம். திரும்பி நின்றால் என் உடம்பு நடுவில் வருவதுதான் லாபம். மூலையிலிருந்தும் வெளியே இழுத்தோம். மூலையில் வைத்தால் அடிச்சுருதி வீங்குகிறது, அப்புறம் விசிலுக்குப் பதில் 'ஊ' என்று ஊளை.

தூரம். திறந்த வெளியில் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் 6 டெசிபல் விழும். வாட்ஸை நாலு மடங்காக்கினால் கிடைக்கும் அதே 6. ஒன்றுக்குப் பணம் வேண்டும், இன்னொன்றுக்கு நீளமான கேபிள் போதும். சின்ன அறையில் சுவர் திருப்பி அடிப்பதால் ஆறு முழுசாகக் கிடைக்காது. மூன்று கிடைத்தாலும் எனக்கு விருந்து.

கிதார்காரர் இடையில் தன் ஆம்பின் வால்யூமை ஒரு படி ஏற்றினார். பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 11

மறுபடி அந்த 'ஈ'. ஆம்பை அணைத்துவிட்டு வந்து அணைந்திருக்கிறதா என்று திரும்பப் போய்ப் பார்த்தேன்.

மார்ச் 12, வியாழன்

காது டாக்டரிடம் இன்று கொடுத்திருந்த நேரத்தைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். அடுத்த புதன். காரணம் சொல்லவில்லை. அதுவரை "அதிகச் சத்தம் தவிர்க்கவும்."

சனியன்று கச்சேரி அல்ல, அதற்கடுத்த சனி. சரி.

மார்ச் 13, வெள்ளி

கை.

இவ்வளவு நாள் ஆம்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மைக்குக்கு உள்ளே போவது பலமாக இருந்தால் ஆம்ப் குறைவாகப் பெருக்கினால் போதும். உள்ளே போவதைத் தீர்மானிப்பது கை. சிகாகோவில் மவுத் ஆர்கன் வாசித்த லிட்டில் வால்டரும் மற்றவர்களும் செய்தது அதுதான்: மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து உள்ளங்கைக்குள் பொத்தி, காற்றே தப்பாமல் ஒரு அறை கட்டினார்கள்.

கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். ஆர்கனின் இடது ஓரம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். மைக்கின் வாய் ஆர்கனின் முதுகைப் பார்த்து, ஆனால் முட்டாமல். முட்டினால் அடிச்சுருதி செத்துவிடுகிறது. சுண்டுவிரல்கள் அடியில் ஒன்றின் மேல் ஒன்று. எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. எனக்குப் பின்னால் விளக்கை வைத்து மறுபடி கண்ணாடியில் பார்த்தபோது வலது கட்டைவிரல் அடியில், கன்னத்தை ஒட்டி, ஒரு வெளிச்சக் கீற்று. அரிசி அகலம்கூட இல்லை. மணிக்கட்டைக் கொஞ்சம் உள்ளே மடக்கினேன், கீற்று மறைந்தது. அதே ஊதலுக்குச் சத்தம் ஒரு படி ஏறி, குரல் கறுத்துத் தடித்துவிட்டது.

வெளிச்சம் போகிற வழியில் விசிலும் வருகிறது. கை இறுக மூடியிருந்தால் அறையின் சத்தம் உள்ளே நுழையத் தடுமாறும். அகல விரித்தால் நுழையும். எல்லாவற்றையும்விட மோசம் பாதி திறந்த கை: அந்தக் குழிவே ஒரு சுருதியைப் பிடித்துத் தூக்கிக் கொடுக்கிறது. கையைத் திறந்து மூடி 'வா-வா' என்று வாசிக்கும்போது கையை நடுவழியில் நிறுத்தவே கூடாது.

பாடுகிறவர்கள் மைக்கின் தலையைப் பொத்திப் பிடித்தால் விசில் வருவதும் இதே சமாச்சாரம்தான், அதோடு பின்பக்கத் துளைகளும் அடைபடுகின்றன. பின்னாலிருந்து வருவதைத் தள்ளிவிடும் குணம் அந்தத் துளைகளில்தான் இருக்கிறது.

மார்ச் 14

மணிக்கட்டு வலி. இடதிலும் வலதிலும். நல்ல வலி.

மார்ச் 15, ஞாயிறு

பாஸ் கிதார் வாசிக்கிறவள் ஒரு பெடல், காலால் இயக்கும் சின்னப் பெட்டி, கொண்டுவந்தாள், விசிலைத் தானே கண்டுபிடித்து வெட்டுமாம். வெட்டியது. கூடவே நாலாம் துளையில் நான் நீட்டிப் பிடித்த ஸ்வரத்தையும் விசில் என்று நினைத்து வெட்டியது. அதற்கு என்ன தெரியும் பாவம், இரண்டுமே ஒரே சுருதியில் அசையாமல் நிற்கும் சத்தம்தான். "அக்கா, இவர் வாசிப்பே மெஷினுக்குப் பிடிக்கலை" என்று டிரம்ஸ்காரன் அவளிடம் சொல்லிச் சிரித்தான், அடி எனக்கு.

சுருதிக்குச் சுருதி தனிக் குமிழ் உள்ள பழைய ஈக்வலைசர் பெடல் தேவலாம். மெதுவாக வால்யூமை ஏற்றி முதல் விசில் எந்தச் சுருதியில் வருகிறது என்று பார்த்து, அந்தக் குமிழை மட்டும் இறக்க வேண்டும். என் மைக்குக்கு 2 கிலோஹெர்ட்ஸை ஒட்டி. 4 டெசிபல் இறக்கினேன், ஆம்பில் மேல்சுருதிக்கான ட்ரெபிள் குமிழையும் மூன்றுக்குக் கொண்டுவந்தேன். முதல் விசில் போனதும் இரண்டாவது தலை நீட்டும், அதை இறக்கினால் மூன்றாவது. இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். எல்லா மேட்டையும் செதுக்கினால் மிஞ்சுவது மொத்தமாகச் சின்ன சத்தம்.

என் காதின் 'ஈ' இதைவிட மேலே இருக்கிறது. ஆப்பில் சுருதி ஜெனரேட்டர் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். 4000 ஹெர்ட்ஸை ஒட்டி. அதற்குக் குமிழ் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

எல்லோரும் இரண்டு படி இறக்கினால் இந்த நாட்குறிப்பே தேவைப்பட்டிருக்காது!! இன்று சொல்லிவிட்டேன். கிதார்காரர் "எனக்கே எனக்குக் கேக்கலையேப்பா" என்றார். அவர் ஆம்பும் தரையில் முழங்காலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இன்னொரு நாற்காலி தேடினோம். மேலே தூக்கி வைத்ததும் அவரே வால்யூமைக் குறைத்தார், யாரும் கேட்காமலே.

மார்ச் 18, புதன்

காது டாக்டர் சோதித்துப் பார்த்தார். இடது காதின் கேட்கும் திறனில் 4000 ஹெர்ட்ஸில் பள்ளம். படத்தில் ஒரு சின்ன வி. சத்தத்தால் வரும் பாதிப்பு அந்த இடத்தில்தான் முதலில் தெரியுமாம். மீண்டு வருமா என்று கேட்டதற்கு, "மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுத்துப் பார்ப்போம்" என்றார்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நயோஷ் சொல்லும் கணக்கு: 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதி. 100 டெசிபலில் 15 நிமிடம். நாங்கள் ஒரு பாட்டை வாசித்துச் சண்டை போட்டுத் திரும்ப வாசிப்பதற்கே அதைவிட அதிகம் ஆகும்.

மூன்று டெசிபல் கிடைக்காதா என்று இத்தனை நாள் அலைந்தேன்.

மார்ச் 19, வியாழன்

கச்சேரி ஹாலின் சவுண்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் போனில் பேசினேன். ஆம்ப் எவ்வளவு பெரிசு, எத்தனை வரைக்கும் போகும் என்று நான் விலாவாரியாக ஆரம்பிக்க, அவர் நடுவிலேயே, "தம்பி, ஹாலுக்கு நான் இருக்கேன். உங்க ஆம்ப் உங்களுக்கும் டிரம்ஸ்க்கும் கேட்டாப் போதும். ஸ்பீக்கர் முன்னாடி ஒரு மைக்கைப் போட்டு நான் எடுத்துக்கறேன்."

"மேடையில எங்களுக்குக் கேக்க வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர்ல?"

"மவுத் ஆர்கனை உங்க மானிட்டர்ல விடவே மாட்டேன். விட்டா உங்க மூஞ்சிக்கு நேரா இன்னொரு விசில். டிரம்ஸ் பக்கத்துல மட்டும் கொஞ்சம் தர்றேன். எத்தனைல வைப்பீங்க?"

"ஐந்து அண்ணே."

"நாலு வைங்க, பாப்போம்."

மறுபடி நாலு. ஆனால் இது வேற நாலு: வால்வு வேற, கை வேற, நாற்காலி மேலே. இந்த நாலில் நான் அழுத்தினால் மேலே ஏற இடம் இருக்கிறது.

காது அடைப்பான் வாங்கியாயிற்று. போட்டுக்கொண்டு வாசித்தால் என் மூச்சுதான் பெரிதாகக் கேட்கிறது. எரிச்சல். பழகும் என்கிறார்கள்.

மார்ச் 20

வாசித்து முடித்ததும் வாயை எடுப்பதற்கு முன்னால் மைக்கின் குமிழை இறக்க விரல் தானாகப் போக வேண்டும். நூறு தடவை சொன்னால் போகும் போல. மாலை முழுக்க ஆம்பே போடாமல் அதை மட்டும் செய்தேன்.

மார்ச் 21, சனி

சவுண்ட் செக் மூன்று மணிக்கு. உதிரி 12ஏஒய்7 துணியில் சுற்றிப் பையில். நீளக் கேபிள். அடைப்பான். அங்கே கை இல்லாத நாற்காலி இருக்கிறதா என்று அண்ணனைக் கேட்க வேண்டும், இரண்டு.