மின்சாரம் இல்லாத சிப்புக்குள் நுழைந்த 5 வோல்ட்

"கரண்ட் இல்ல, இது மட்டும் எப்படிடா எரியுது?" என்று அம்மா கேட்ட பிறகுதான் அந்தப் பெட்டியை உற்றுப் பார்த்தேன். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மோட்டாருக்காக நானே செய்து மாட்டிய தானியங்கிப் பெட்டி அது. மின்வெட்டில் அந்தப் பக்கம் முழுவதும் இருண்டு கிடக்க, அதன் திரையில் மட்டும் எழுத்து எதுவும் இல்லாமல் நீல வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. மின்சாரம் வந்ததும் திரை பளிச்சென்று எரிந்ததே தவிர பெட்டி அசையவில்லை. பிளக்கைப் பிடுங்கிச் செருகியும் பயனில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்ட பிறகு வாங்கிய இன்வெர்ட்டர்தான், மொட்டை மாடித் தொட்டியருகே உள்ள சென்சார் பெட்டிக்கு மின்சாரம் தருகிறது. கீழ்ப் பெட்டியோ நேரடி லைனில் இருக்கிறது. தொட்டி நிறைந்திருக்கும்வரை மேலிருந்து ஓர் ஒயரில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். அந்த ஒயரை, கீழ்ப் பெட்டியின் மூளையான ஏடிமெகா 328பி சிப்பின் இன்புட் பின்னில் நேராகக் கொடுத்திருந்தேன்.

நிலைமின்சாரத்திலிருந்து காப்பதற்காக, ஒவ்வொரு பின்னிலிருந்தும் விசிசிக்கு, அதாவது சிப்புக்கு மின்சாரம் தரும் இணைப்புக்கு, ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுவது) சிப்புக்குள்ளேயே இருக்கிறது. பின்னில் விசிசியைவிட 0.5 வோல்ட்டுக்கு மேல் கூடக்கூடாது என்று டேட்டாஷீட் சொல்லும்போது, விசிசி சைபராக இருந்தால் வரம்பும் வெறும் 0.5 வோல்ட்தான் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. அந்த டயோடு வழியாகப் புகுந்த 5 வோல்ட் சிப்பையும் திரையையும் சேர்த்தே ஓட்டப் பார்த்தது. மல்டிமீட்டரை வைத்தேன்: விசிசியில் 3.4 வோல்ட், ஒயரில் 18 மில்லிஆம்பியர். இத்தகைய டயோடு வழியே 1 மில்லிஆம்பியருக்கு மேல் விடவேண்டாம் என்பது அட்மெல் நிறுவனக் குறிப்பு ஒன்றின் அறிவுரை. சிப் புகையாமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.

அது உறைந்துபோனதற்கும் இதுவே காரணம். 16 மெகாஹெர்ட்ஸில் ஒழுங்காக ஓட ஏறக்குறைய 3.8 வோல்ட் வேண்டும். மின்னழுத்தம் எதற்குக் கீழே இறங்கினால் சிப் தானாக ரீசெட் ஆகுமோ, அந்த பிரவுன்-அவுட் எல்லையை நான் வைத்திருந்ததோ 2.7 வோல்ட்டில். 3.4 என்பது இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதால், சிப் சரியாக ஓடவும் இல்லை, ரீசெட் ஆகவும் இல்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் மேலிருந்து உயிர் வந்துகொண்டிருந்ததால் அது ஒருபோதும் முழுதாகச் சாகவில்லை.

10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஒயரில் தொடராகப் போட்டால் மின்னோட்டம் அரை மில்லிஆம்பியருக்குள் அடங்கும்; சிப் பிழைக்கும். ஆனால் திருட்டு வழி திறந்தேதான் இருக்கும் என்பதால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. சிக்னலை ஒயர் தொடர்பில்லாமல் வெளிச்சத்தால் கடத்தும் பிசி817 ஆப்டோகப்ளர் ஒன்றை வைத்தேன். மேலிருந்து வரும் 5 வோல்ட், 1 கிலோஓம் வழியாக அதன் எல்இடியை மட்டும் எரிக்கிறது. மறுபக்க டிரான்சிஸ்டர் பின்னை கிரவுண்டுக்கு இழுக்குமே தவிர எந்த மின்னழுத்தத்தையும் உள்ளே தள்ளாது. அடுத்த மின்வெட்டில் விசிசியில் மீட்டர் சைபர் காட்டியது.

தொட்டி நிறைந்தால் முன்பு 5 வோல்ட்டில் இருந்த பின் இப்போது லோ (கிட்டத்தட்ட சைபர் வோல்ட்) ஆகிறது என்பதால் புரோகிராமில் ஒரு வரியைத் திருப்பி எழுதவேண்டியிருந்தது. அதை மறந்து, முதல் நாள் தொட்டி வழிந்து மாடிப்படி வரை தண்ணீர் இறங்கியது தனிக்கதை.