மாலையில் மறுபடியும் வரவேண்டும்

பிப்ரவரி 20, 2008, புதன்

ஹிலாரி கிளிண்டனா, ஒபாமாவா, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று மாநிலம் மாநிலமாக நடக்கும் தேர்தலில் நேற்று விஸ்கான்சின் போனது, ராத்திரி ஹவாயும் போனது. பிப்ரவரி 5 அன்று கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ் எல்லாம் ஹிலாரி பக்கம் வந்தபோது இனிக் கவலையில்லை என்று இருந்தேன். அதற்குப் பிறகு ஒரு மாநிலம்கூட வரவில்லை. நேற்று இரவு ஒபாமா பேசியது எங்கள் ஹூஸ்டனில்தான், டொயோட்டா சென்டரில். உள்ளே கால் வைக்க இடமில்லாததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஆஸ்டினில் படிக்கும் மகள் உடனே போன் செய்து, "பாத்தியாம்மா?" என்றாள். பார்த்தேன் என்றேன். அதற்கு மேல் என்ன சொல்ல?

டெக்சஸும் ஒஹாயோவும் கிடைத்தால் ஹிலாரிதான் வேட்பாளர், நீங்கள் கைவிட்டால் கஷ்டம் என்று பில் கிளிண்டன் இன்று போமாண்ட் கூட்டத்தில் சொல்லிவிட்டார். இனி எல்லாம் மார்ச் 4, இரண்டிலும் தேர்தல் நடக்கும் நாள்.

நான் வேலை பார்ப்பது ஓர் ஆஸ்பத்திரியின் பில் பிரிவில். டெக்சஸில் நாலு பேரில் ஒருவருக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. நாட்டிலேயே இங்கேதான் இது அதிகம். அந்த நாலாவது ஆள் தினமும் என் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறார். மாதம் எவ்வளவு கட்டினால் விடுவீர்கள் என்று கேட்கிறார். 1993-இல் எல்லோருக்கும் காப்பீடு வேண்டும் என்று இறங்கியவர் ஹிலாரி. மறுவருடம் அந்த முயற்சி தோற்று, ஊரெல்லாம் ஏச்சு வாங்கினார். அப்படியும் ஓயாமல் 1997-இல் குழந்தைகள் காப்பீட்டுத் திட்டத்துக்குத் துணை நின்றார். ஒபாமாவின் திட்டத்தில் குழந்தைகளுக்கு மட்டும்தான் காப்பீடு கட்டாயம். ஹிலாரி எல்லோருக்கும் என்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அவர் பக்கம்.

முன்கூட்டியே வாக்களிப்பது நேற்று தொடங்கியது. இன்று வேலை முடிந்து போய்ப் போட்டுவிட்டேன். குடியுரிமை வாங்கிய பிறகு, அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நான் போடும் முதல் ஓட்டு. வாக்காளர் அட்டையில் கட்சிப் பெயரை முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், 4-ஆம் தேதி மாலை இதோடு மறுபடியும் வரவேண்டும் என்று வெளியே நின்ற தொண்டர் சொன்னார்.

மறுபடியுமா?

அப்புறம்தான் விளங்கியது. டெக்சஸிலிருந்து, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்குப் போக, வாக்காளர்கள் தீர்மானிக்கும் பிரதிநிதிகள் 193 பேர். அதில் 126 பேர்தான் ஓட்டுக் கணக்கில். மீதி 67 பேரும் தேர்தல் நாள் மாலை ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் நடக்கும் கூட்டத்தில் யார் பக்கம் எத்தனை பேர் என்பதை வைத்து. காக்கஸ் என்கிறார்கள். இங்கத்திய நடனத்தின் பெயரை வைத்து இந்த முறைக்கு டெக்சஸ் டூ-ஸ்டெப் என்று பெயர். ஊரில் விரலில் மை வைத்தால் கதை முடிந்தது. இங்கே ஓட்டுப் போட்டவர் இரண்டாம் முறை வந்தால்தான் முழுக் கணக்கு.

பிப்ரவரி 22, வெள்ளி

நேற்று ஆஸ்டினில் விவாதம். ஒபாமாவின் பேச்சு ஜெராக்ஸ் எடுத்தது என்ற மாதிரி ஹிலாரி குத்தினார். அரங்கம் முகம் சுளித்தது. நானும்தான். அது அவருக்கு அழகில்லை. ஆனால் கடைசியில், ஒபாமாவோடு ஒரே மேடையில் இருப்பதைப் பெருமையாக நினைக்கிறேன் என்று சொல்லிக் கை கொடுத்தாரே, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வீட்டில் இவர், என் கணவர், என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 1, சனி

காலை ஒன்பதிலிருந்து பிரச்சார அலுவலகத்தில் போன். தொண்டை கட்டிவிட்டது.

ஹிலாரிக்கு ஓட்டுக் கேட்பது சுலபமாக இருக்கிறது. 1972-இல் கல்லூரி வயதில், கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கவர்னுக்காகத் தெற்கு டெக்சஸுக்கு வந்து வாக்காளர்களைப் பதிவு செய்தவர் என்று சொன்னால் வயதானவர்கள் குரலே மாறுகிறது. மாலைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதுதான் பெரும்பாடு. "நான்தான் போட்டுட்டேனே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்களுக்குப் பிரதிநிதிக் கணக்கை விளக்குவதற்குள் மூச்சு வாங்குகிறது. இரவில் அலுவலகங்களைத் துடைத்துப் பெருக்கும் ஒரு பெண், கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஏழே கால் என்றேன். ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவேன் என்றார். இன்னொருவர், அம்மாவை யாரிடம் விட்டுவிட்டு வருவேன் என்றார். எண்பது வயதுக்காரர் ஒருவர், இருட்டில் கார் ஓட்ட மாட்டேன் என்றார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறுவது மாலை ஏழு மணிக்கு. கூட்டம் ஏழே காலுக்கு. நர்ஸ் தோழி ஒருத்தி, பிலிப்பைன்ஸ்காரி, ஹிலாரிக்காகத் தன் தெரு முழுவதும் நடந்து கேட்டவள். அன்று அவளுக்கு ராத்திரி ஷிப்ட். மாற்றிக் கேட்டும் கிடைக்கவில்லை. "என் பேரை நீ எழுதிவிட முடியாதா?" என்று கேட்டாள். முடியாது. வர முடியாதவருக்குப் பதிலாக இன்னொருவர் எழுத இடமே இல்லை.

நேற்றிலிருந்து அதிகாலை மூன்று மணி விளம்பரம் ஓடுகிறது. குழந்தைகள் தூங்குகிறார்கள், வெள்ளை மாளிகையில் போன் அடிக்கிறது, யார் எடுக்க வேண்டும் என்று. மகளுக்குக் கோபம், பயமுறுத்துவதாக. எனக்கு அதில் பொய் எதுவும் தெரியவில்லை.

மார்ச் 5, புதன், அதிகாலை 1.30

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

ஆறே முக்காலுக்கே பள்ளிக்கூடம் போய்விட்டோம், இவரும் நானும். கார் நிறுத்த இடமில்லை. புல்தரையில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். ஓட்டுப் போடும் வரிசையே இன்னும் முடியவில்லை. கடைசி வாக்காளர் போட்டு முடித்த பிறகுதான் கூட்டம் தொடங்கலாம். வெளியே நல்ல குளிர். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் எட்டு மணி வரை நின்று பார்த்தாள். பிறகு என்னிடம், "என்னால் முடியவில்லை" என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் ஏன் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

எட்டரைக்கு உணவுக் கூடத்துக்குள் விட்டார்கள். நடத்தியவருக்கும் இதுதான் முதல் முறை. விதிகளை அங்கேயே படித்து அங்கேயே விளக்கினார். பாவம், அவர் என்ன செய்வார்? இத்தனை கூட்டத்தை யாருமே எதிர்பார்க்கவில்லை. கையெழுத்துத் தாள் தீர்ந்து, ஒரு மாணவனின் நோட்டிலிருந்து கிழித்துக் கோடு போட்டார்கள். பெயர், முகவரி, எந்த வேட்பாளர், கையெழுத்து. அவ்வளவுதான். எழுதிவிட்டுப் போகிறவர்கள் போகலாம்.

நான் எழுதிவிட்டுப் பேனாவை இவரிடம் கொடுத்தேன். இவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு எழுதினார். ஒபாமா.

ஒன்றும் பேசாமல் சுவரோரம் போய் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து இவரே சொன்னார்: "2002-இல ஈராக் போருக்கு அவங்க கை தூக்கினாங்க. அதை என்னால மறக்க முடியலை. உன்கிட்ட சொல்ல மனசு வரலை." பத்து நாள் முன்பே ஓட்டும் அப்படித்தான் போட்டாராம். கோபம் வந்தது, உண்மை. இருபத்து மூன்று வருடத்தில் இவர் என்னிடம் மறைத்த விஷயங்கள் ரொம்பக் குறைவு. ஆனால் நின்று யோசித்தபோது வேறொன்று உறைத்தது. ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் இவருக்கு அந்தத் தயக்கம் இருந்திருக்காது. அங்கே நான் எட்டிப் பார்க்க முடியாது. இங்கே மனைவி பார்க்க எழுத வேண்டியிருக்கிறது. முதலாளி பக்கத்தில் நிற்க எழுதுகிறவர் என்ன செய்வார்? மாமியாரோடு வந்த மருமகள்?

அடுத்த கட்டமான மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தபோது மணி பத்தரை தாண்டிவிட்டது. 2006 ஆளுநர் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் கட்சிக்கு விழுந்த ஒவ்வொரு 15 ஓட்டுக்கும் ஒரு பிரதிநிதி. ஹிலாரி பக்கம் மிஞ்சியிருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், நானும் பிரதிநிதி ஆகிவிட்டேன்.

தீர்மானம் ஏதாவது உண்டா என்று கடைசியில் கேட்டார்கள். கைப்பையிலிருந்து ரசீதுத் தாளை எடுத்து அதன் பின்பக்கம் எழுதினேன்: டெக்சஸின் பிரதிநிதிகள் எல்லோரையும் வாக்குச்சீட்டே தீர்மானிக்க வேண்டும், மாலைக் கூட்டத்துக்கு அதில் பங்கு இருக்கக்கூடாது. என் ஆங்கிலத்தில் வாசித்தேன். குரல் நடுங்கியது. ஏழு மணி ஷிப்டைச் சொன்னேன், கைக்குழந்தைக்காரியைச் சொன்னேன். ஒபாமா பக்கத்து இளைஞர்கள் இரண்டு பேர் கை தூக்கினார்கள். இவரும் தூக்கினார். நிறைவேறியது.

வீட்டுக்கு வந்தால் ஒஹாயோ எங்களுக்கு. ரோட் ஐலண்ட் எங்களுக்கு. டெக்சஸ் ஓட்டிலும் ஹிலாரி வெற்றி! இவர் எனக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தார்.

மார்ச் 6, வியாழன்

டெக்சஸில் கட்சிக்கு 28 லட்சத்துக்கு மேல் ஓட்டு. நாலு வருடத்துக்கு முன் பத்து லட்சம்கூட வரவில்லை. அதில் ஹிலாரிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் ஓட்டு அதிகம், 51-க்கு 47. மாலைக் கூட்டங்களுக்குப் பத்து லட்சம் பேர் போல வந்தார்களாம். அங்கே ஒபாமா முன்னால் இருக்கிறார். எங்கள் வட்டாரத்திலும் அதே கதை: ஓட்டில் நாங்கள், மாலையில் அவர்கள்.

அவர்கள் ஏமாற்றினார்கள் என்று அலுவலகத்தில் சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பிள்ளைகள் விதியைப் படித்து, முன்கூட்டியே ஆள் சேர்த்து, குளிரில் நின்று ஜெயித்தார்கள். குறை விதியில். வாஷிங்டன் மாநிலத்தையே பாருங்கள். பிப்ரவரி 9 காக்கஸில் ஒபாமாவுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். பத்து நாள் கழித்து அதே மாநிலத்தில், கணக்கில் சேராத வாக்கெடுப்பு நடந்தபோது 51-க்கு 46. பத்து நாளில் மக்கள் மனம் அவ்வளவு மாறுமா? வர முடிந்தவர்கள் வேறு, ஓட்டுப் போட முடிந்தவர்கள் வேறு.

ஓட்டுக் கணக்கிலும் ஒரு வளைவு இருக்கிறது. கட்சிக்கு 2004-லும் 2006-லும் எங்கே அதிக ஓட்டு விழுந்ததோ அங்கே அதிகப் பிரதிநிதிகள். அதனால் ஆஸ்டின் பகுதி செனட் மாவட்டத்துக்கு 8. ஹிலாரியை உயிராக நேசிக்கும் மெக்சிகோ எல்லைப்புற மாவட்டங்களுக்கு 3, 4.

மார்ச் 30, ஞாயிறு

மாவட்ட மாநாடு நேற்று. காலை எட்டுக்குப் போய் இரவு பத்துக்குத் திரும்பினேன். பெயர் சரிபார்ப்பிலேயே பாதி நாள் போனது. மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துப் போன தயிர்சாதத்தை இரண்டு பக்கத்துப் பெண்களோடும் பகிர்ந்து சாப்பிட்டேன். என் தீர்மானத்தைப் போலவே வேறு வட்டாரங்களிலிருந்தும் வந்திருந்தது. விவாதத்துக்கு எடுக்க நேரமில்லாமல் போய்விட்டது.

ஜூன் 4, புதன்

நேற்றோடு முடிந்தது. தெற்கு டகோட்டா எங்களுக்கு, மான்டானா அவர்களுக்கு. ஒபாமாவுக்குத் தேவையான 2,118 பிரதிநிதிகள் கிடைத்துவிட்டார்கள். இவர் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று ஹிலாரி விடைபெற்ற பேச்சு, வாஷிங்டனில். பெண்களை உச்சிக்கு விடாத அந்தக் கண்ணாடிக் கூரையை உடைக்க முடியவில்லை, ஆனால் தனக்கு விழுந்த ஓட்டுகளால் அதில் 1 கோடியே 80 லட்சம் விரிசல் விழுந்திருக்கிறது என்றார். அதில் ஒன்று நான் போட்டது. நர்ஸ் தோழி போட்டது ஒன்று. ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்காமல் எங்கள் வீட்டுக்கு வந்து, சோபாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒபாமாவுக்கு உழைக்கச் சொன்னார் ஹிலாரி. உழைப்பேன். காப்பீட்டில் மட்டும் அவரை விடமாட்டேன்.

டெக்சஸ் கணக்கும் முடிந்துவிட்டது. ஓட்டில் 65-61, ஹிலாரி. மாலைக் கூட்டத்தில் 38-29, ஒபாமா. மொத்தம் 99-94, ஒபாமா. ஓட்டில் ஜெயித்த மாநிலத்தில் பிரதிநிதிக் கணக்கில் தோற்றோம்.

மகள் சாயங்காலம் பேசினாள். கொஞ்ச நேரம் எதைப் பற்றியும் பேசாமல் இருந்தாள், எனக்காகத்தான். அப்புறம், "அம்மா, அந்த ரசீதுல எழுதினதை அனுப்பேன்" என்றாள். அவளோடு தங்கியிருக்கும் பெண் ஹோட்டலில் இரவு வேலை பார்க்கிறவளாம், ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்டவள், மார்ச் 4 மாலை அவளாலும் வர முடியவில்லையாம். தட்டச்சு செய்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கட்சி அலுவலகத்தில் கொடுக்கப் போகிறார்கள். ரசீதைத் தேடி எடுத்துவிட்டேன். நாளைக் காலைத் தபாலில் போகும்.