முதலில் சீரியல் வயர், பிறகு போர்ட்

எம்பெடட் லினக்ஸ், அதாவது சிறு கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸ் இயங்குதளம், படிக்க விரும்பும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, ‘எந்த போர்ட் (சிறு கணினிப் பலகை) வேகமானது?’ என்றுதான். வேகம் இருக்கட்டும். மின்சாரம் கொடுத்த கணத்திலிருந்து உள்ளே நடப்பதை எந்த போர்ட் மறைக்காமல் காட்டுகிறது என்று கேளுங்கள்.

கொழும்பில் சுலபமாகக் கிடைப்பது ராஸ்பெரி பை. சென்சர்களை இணைக்கவும் நிரல் எழுதிப் பழகவும் அருமையானது. ஆனால் அதில் முதலில் விழிப்பது ஆர்ம் புரொசசர் அல்ல, கிராபிக்ஸ் பகுதி. அது இயக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருளின் மூலநிரல் வெளியிடப்படவில்லை. பூட் ஆவதை, அதாவது கணினி விழித்தெழுவதைப் படிக்க வந்தவருக்குத் தொடக்கமே இருட்டு.

அதனால்தான் 2013இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக் என்ற போர்டை இன்றும் பரிந்துரைக்கிறேன். அதன் சிப்பின் கையேடு ஆயிரக்கணக்கான பக்கங்கள், இலவசமாகத் தரவிறக்கலாம். சுற்று வரைபடமும் அப்படியே. சிப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் ரோம் நிரல், எம்எல்ஓ என்ற சிறிய கோப்பைத் தேடிப்பிடித்துச் சிப்பின் உள் நினைவகத்தில் வைக்கிறது. வெளியே இருக்கும் 512 எம்பி ரேம் அப்போது இயங்கத் தொடங்கியிருக்காது. ரேமை எழுப்புவது எம்எல்ஓவின் வேலை. பிறகு யூ-பூட் என்ற ஏற்றி நிரல் வந்து, லினக்ஸின் மையமான கேர்னலையும், போர்டில் என்னென்ன பாகங்கள் உள்ளன என்று சொல்லும் டிவைஸ் ட்ரீயையும் ரேமில் ஏற்றி, கேர்னலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. எம்எல்ஓ எங்கும் கிடைக்காவிட்டால் திரையில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து வரிசையாக விழுந்துகொண்டே இருக்கும். போர்ட் செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். சீரியல் வழியாகவாவது கோப்பை அனுப்பு என்று ரோம் கேட்கிறது! அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான்.

இதையெல்லாம் கணினித் திரையில் பார்க்க, போர்டைக் கணினியுடன் இணைக்கும் யூஎஸ்பி சீரியல் வயர் வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டுப் பாருங்கள். சிபி2102 சிப் உள்ளது போதும். சிக்னல் 3.3 வோல்ட்தானா என்று உறுதிப்படுத்தியே வாங்குங்கள், 5 வோல்ட் ராஸ்பெரி பையின் முனைகளைக் கெடுத்துவிடும். கிரவுண்ட், அனுப்பும் முனை, பெறும் முனை என மூன்று இணைப்புகள். பின்னிரண்டையும் மாற்றி இணைக்க வேண்டும். வேகம் வினாடிக்கு 115200 பிட். மின்சாரம் தரும் சிவப்பு வயரை இணைக்கவே வேண்டாம்.

மொறட்டுவையில் படிக்கும் என் மச்சாளிடம் மடிக்கணினி மட்டுமே இருந்தது. போர்டை மென்பொருளாலேயே போலச்செய்யும் கியூஎம்யூவில் தொடங்கச் சொன்னேன். பில்ட்ரூட் என்ற கருவியைக் கொண்டு தானே கேர்னலும், லினக்ஸுக்குத் தேவையான கோப்புகள் அடங்கிய ரூட் ஃபைல்சிஸ்டமும் உருவாக்கி, செலவின்றி அதில் ஓட்டினாள். அதே வேலைக்கான பெரிய கருவியான யோக்டோவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; அது பல பத்து ஜிபி இடத்தை விழுங்கும்.

பீகிள்போனைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் தருவிக்க வேண்டியிருக்கும். அஞ்சல் செலவையும் வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் வயரை மட்டும் வாங்கி, வீட்டில் ஒதுக்கிப் போட்ட பழைய ரவுட்டரைத் திறந்து பாருங்கள். பலவற்றில் லினக்ஸ்தான் ஓடுகிறது. சீரியல் முனைகளும் வரிசையாக இருக்கும். மல்டிமீட்டரால் வோல்டேஜை அளந்த பிறகே வயரை இணையுங்கள்.