பத்துமலையில் தொலைந்த தம்பி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நடந்தது தெரியும். மீதிப் பேருக்குத் தெரிந்த கதையில் என் தம்பியை மியான்மருக்குக் கடத்திவிட்டார்கள். தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் மாட்டிக்கொண்ட தமிழ்நாட்டுப் பையன்களை 2022-இல் டிவியில் பார்த்ததிலிருந்து, வெளிநாட்டில் ஒருவன் போனை எடுக்கவில்லை என்றாலே எல்லோருக்கும் அதுதான் ஞாபகம் வருகிறது. எங்களுக்கும் வந்தது.

நைனா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சீட்டு எடுத்த பணத்தில் நான்கு பேரும் மலேசியா போனோம். இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்பது 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகு எங்கள் பக்கத்தில் நிறைய குடும்பங்கள் போய் வந்திருந்தன. தம்பிக்கு 21 வயது, கல்லூரி கடைசி வருடம். அவனுக்கு ஐந்து அரியர் இருப்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். நைனாவுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, பத்துமலையில் 140 அடி முருகன் சிலைக்குக் கீழே நிற்கும்போது நைனாவுக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்பது வேறு கதை. கூட வந்த டூர் ஆட்கள் முன்னால் அவனை அவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அவன் பதிலுக்கு ஏதோ கத்திவிட்டு 272 படிகளில் மளமளவென்று ஏறிப் போனான். கோபம் தீர்ந்ததும் இறங்கி வருவான் என்று கீழேயே உட்கார்ந்திருந்தோம். இரண்டரை மணிக்கு நான் மேலே ஏறிப் பார்த்தேன். குரங்குகள்தான் இருந்தன.

அவனிடம் இருந்தது ஒரு போன், மதியச் சாப்பாட்டுக்கு என்று நைனா கொடுத்த 100 ரிங்கிட், அவ்வளவுதான். பாஸ்போர்ட் நான்கும் நைனாவின் இடுப்புப் பையில். லோக்கல் சிம் என் போனில் மட்டும். மற்ற மூன்று பேரும் என் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காசை மிச்சம் பிடிக்க நான் செய்த ஏற்பாடு. அதனால் என்னைவிட்டுப் பத்தடி தள்ளிப் போனதுமே அவன் தொடர்பு எல்லைக்கு வெளியே. வாட்ஸ்அப்பில் ஒரே டிக்.

24 மணி நேரம் ஆனால்தான் புகார் எடுப்பார்கள் என்று டூர்காரர் சொன்னார். நல்லவேளை, நான் கேட்கவில்லை. பக்கத்துக் காவல் நிலையத்தில் உடனே எழுதிக்கொண்டார்கள். நாம் சொல்லச் சொல்ல அவர்கள் மலாயில் தட்டச்சு செய்து, பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். அங்கே ஒரு தமிழ் பெண் போலீஸ் இருந்தார். உயரம் எவ்வளவு என்றார். அம்மா எழுந்து நின்று, "இவங்க நைனா காது மட்டும் வருவான்" என்று கையால் காட்டினார். அந்தப் பெண் போலீஸ் சிரிக்காமல் நைனாவை நிற்க வைத்துப் பார்த்து 170 என்று போட்டார். சட்டை நிறத்தில்தான் சண்டை. நைனா நீலம் என்றார், அம்மா பச்சை என்றார். ஹோட்டல் காலைச் சாப்பாட்டில் நான் எடுத்த போட்டோவின் ஓரத்தில் அவன் முழங்கை மட்டும் தெரிந்தது. பச்சை. முகம் தெரிகிற தனிப் படம் என்று தேடினால், பாஸ்போர்ட்டில் இருக்கும் மீசை முளைக்காத படம்தான். இப்போது அவனுக்குத் தாடி.

அப்புறம் அவர் கேட்டார்: "சண்டை ஏதும் நடந்துச்சாம்மா?"

மேசைக்குக் கீழே அம்மா என் கையை அழுத்திப் பிடித்தார். "இல்லைங்க மேடம், நல்லாத்தான் இருந்தான்." நைனா தலையைக் குனிந்துகொண்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. சண்டை என்று சொன்னால் தானாகப் போய்விட்டான் என்று தேடாமல் விட்டுவிடுவார்கள் என்பது அம்மாவின் கணக்கு. மானம் போய்விடும் என்பதும் அதில் சேர்த்திதான். ஆக, புகாரில் காரணமே இல்லாமல் காணாமல் போன ஒரு பையன் இருந்தான். மலைப்பக்கத்திலும் ஆஸ்பத்திரிகளிலும் விசாரித்தார்கள். இன்னொன்றும் சொன்னார் அந்தப் பெண் போலீஸ்: பாஸ்போர்ட் இல்லாமல் எங்காவது குடிநுழைவுச் சோதனையில் சிக்கினால், ஆள் யாரென்று உறுதியாகும் வரை பிடித்து வைப்பார்கள், அங்கேயும் கேட்க வேண்டும் என்று.

அன்று ராத்திரியே இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணில் பேசினேன். புகார்ப் பிரதி, பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், போட்டோ எல்லாவற்றையும் மெயிலில் அனுப்பச் சொன்னார்கள். வெளியுறவுத் துறையின் ‘மதத்’ இணையதளத்திலும் பதிவு செய்தேன். ஊரில் சித்தப்பா மகன் எங்கள் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போனான். "மலேசியாவுல காணாப்போனா மலேசியாவுலதானே தேடணும்" என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது நியாயம் மாதிரியே இருக்கிறது, ஆனால் கையில் ஒரு காகிதம் இருந்தால் சென்னையில் வேறு அலுவலகங்களுக்குப் போக வசதி. மறுபடி போய், ஹெட் கான்ஸ்டபிளைக் கெஞ்சி புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றை வாங்கினான்.

அதே பையன் செய்த இன்னொரு வேலையும் இருக்கிறது. தம்பியின் பாஸ்போர்ட் பக்கத்தை என் நம்பரோடு முகநூலில் போட்டுவிட்டான். ஒரு மணி நேரத்தில் ஒருவன் இந்தியில் கூப்பிட்டு, பையன் எங்களிடம் இருக்கிறான், 5,000 ரிங்கிட் அனுப்பு என்றான். அம்மா வளையலைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். தம்பி காதுக்குக் கீழே இருக்கிற மச்சம் வலதா இடதா என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது. தம்பிக்கு மச்சமே கிடையாது.

விடியற்காலை 1.10-க்கு என் மெசேஜுக்கு இரண்டாவது டிக் விழுந்தது. எங்கோ ஒரு வைஃபையில் அந்த போன் சேர்ந்திருக்கிறது! அம்மா முருகா முருகா என்று அழுதார். கூப்பிட்டால் எடுக்கவில்லை. திங்கள் காலை பெண் போலீஸிடம் காட்டினேன். "போன் இருக்குன்னு தெரியுது. அது அவன் கையில இருக்கான்னு தெரியலையேம்மா" என்றார்.

திங்கள் ராத்திரி எங்களுக்கு ரிட்டர்ன் பிளைட். நான்கு டிக்கெட்டும் போயிற்று. மலிவு டிக்கெட், பைசா திரும்பி வராது. சாயங்காலம் அம்மாவும் நைனாவும் ஹோட்டலில் ஆளுக்கொரு மூலையில் படுத்திருந்தபோது நான் தனியாகக் காவல் நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அரியர், சண்டை, நைனா சொன்ன வார்த்தை எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, "ஏறிப் போறதுக்கு முன்னால கடைசியா என்ன சொன்னான்? அப்படியே சொல்லு" என்றார்.

"அவன் போன மாதிரி நானும் போறேன், உங்க காசு வேணாம்."

"எவன்?"

அந்த ‘அவன்’ யார் என்று அதுவரை நாங்கள் மூன்று பேரும் யோசிக்கவே இல்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "காசிமேட்டுப் பையன்டி. கூடப் படிச்சானே, பாதியில நின்னு கிளாங்குக்குப் போனானே." சுற்றுலாவில் வந்து ஏதோ சாப்பாட்டுக் கடையில் தங்கிவிட்ட பையன். பத்துமலையிலிருந்து ரயிலில் ஏறி, ஒரு இடத்தில் மாறினால் கிளாங்.

"காகிதம் இல்லாத பையன்னா நான் யூனிபார்ம்ல போய் நின்னா ரெண்டு பேரும் ஓடிடுவாங்க. நீ முதல்ல பேசிப் பாரு" என்றார் அவர். அங்கே ராத்திரி 11 மணி, சென்னையில் எட்டரை. சித்தப்பா மகன் காசிமேட்டில் வீடு தேடிப் போய் அந்தப் பையனின் அம்மாவைப் பிடித்தான். அந்த அம்மா மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்த கொடுப்பு, ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. செவ்வாய் காலை ஆறு மணிக்குத் தம்பி என்னைக் கூப்பிட்டான். "அக்கா, நீ மட்டும் வா."

கடைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தில், அதே பச்சைச் சட்டையில் நின்றான். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. கடைக்காரர் டீ கொடுத்தார்.

ஆள் கிடைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். புகாரை முடித்து வைக்க அவனே நேரில் வர வேண்டும் என்றார்கள். பெண் போலீஸ் எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு அவனை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். 21 வயதுப் பையன். வீட்டுக்கு வர இஷ்டமில்லை என்று சொன்னால் என்ன செய்வார்கள் என்று முன்பே கேட்டிருந்தேன். "நல்லா இருக்கான்னு உங்ககிட்ட சொல்வோம். எங்க இருக்கான்னு அவன் சம்மதிச்சாத்தான்" என்றார். உள்ளே பேச்சு பத்து நிமிடம் நீடித்தது. நைனா இடுப்புப் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். உள்ளே என்ன பேசினான் என்று இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை. வெளியே வந்து, "பிளைட் எப்பக்கா?" என்றான்.

ஊருக்கு வந்த பிறகு சி.எஸ்.ஆரையும் முடிக்க வேண்டியிருந்தது. தம்பியை அழைத்துக்கொண்டு போனேன். ஹெட் கான்ஸ்டபிள் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"எங்கப்பா போயிருந்த?"

"கிளாங் சார்."

"அது எந்தப் பக்கம், மணலி தாண்டியா?"