அம்புத்தண்டுக்கு எந்த மரம்?

ஓரிகனில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்குப் போர்ட் ஆர்ஃபர்ட் சிடாரைத் தவிர வேறு பதில் சொன்னால் சக வில்லாளிகள் சும்மா விடமாட்டார்கள். இந்த மாநிலத்தின் தென்மேற்கு ஓரத்திலும் அதை ஒட்டிய கலிஃபோர்னியாவிலும்தான் அது இயற்கையாக வளர்கிறது. எடை குறைவு, நேராகப் பிளக்கும், அறுத்தால் இஞ்சி வாசனை. வேரை அழுகவைக்கும் நோய் ஒன்று 1952இல் அந்தக் காடுகளுக்குள் புகுந்தது. சேற்றோடும் ஓடைநீரோடும் பரவுகிறது. நல்ல தண்டு விலை ஏறிக்கொண்டே போக அதுவும் ஒரு காரணம்.

எனக்கும் சிடார் பிடிக்கும். ஆனால் மரத்தின் பெயருக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் கிடைத்த ஆயிரக்கணக்கான அம்புகளில் பெரும்பாலானவை சாதாரண பாப்லர். கட்டைகளில் பட்டு அடிக்கடி உடைகிறதா, டக்ளஸ் ஃபர் வாங்குங்கள். கொஞ்சம் கனம், ஆனால் தாங்கும்.

நான் பார்ப்பது இழையைத்தான். தண்டை ஜன்னல் வெளிச்சத்தில் மெல்ல உருட்டினால் ஒரு பக்கம் நெருக்கமான நேர்கோடுகள் தெரியும். கால் சுற்று திருப்பினால் ஈட்டிமுனை மாதிரி நீண்ட கூர்வடிவங்கள். கோடுகள் முனைவரை ஓடாமல் நடுவிலேயே சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால் அந்தத் தண்டு வேண்டாம். நாணை விட்ட கணத்தில் அம்பு வளைந்துதான் கிளம்புகிறது. பிளந்தால் சிம்பு வில் பிடித்த கையில் ஏறும். நல்ல தண்டிலும் நேர்கோட்டுப் பக்கம் வில்லைத் தொடும்படி, மேல்பக்கத்தில் தெரியும் கூர்வடிவங்களின் முனை இலக்கை நோக்கி இருக்கும்படி காடி, அதாவது நாண் பொருந்தும் பள்ளம், வெட்டுங்கள்.

அடுத்தது விறைப்பு, அதாவது ஸ்பைன். 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள், நடுவில் 2 பவுண்டு எடை. எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதால் 26ஐ வகுக்க வேண்டும். அரை அங்குலம் தொய்ந்தால் ஸ்பைன் 52. ஒரே கட்டில் வந்த தண்டுகளே ஆளுக்கொரு கணக்கு காட்டும், அதனால் ஒத்துப்போகும் ஒரு டஜன் தேற இரண்டு டஜன் வாங்குவேன். எடையையும் நிறுத்துப் பிரிக்க வேண்டும், அது சலிப்பான வேலை.

லேசான கோணல் இருந்தால் தள்ளிவிடாதீர்கள். உள்ளங்கையால் சூடேறத் தேய்த்து அழுத்தினால் நிமிரும். மழைக்காலத்தில் மறுபடி கோணும், அப்போது மறுபடி தேய்க்க வேண்டியதுதான். எய்வதற்கு முன் ஒவ்வொன்றையும் காதருகே லேசாக வளைத்துப் பாருங்கள். சின்னதாக 'டிக்' என்று கேட்டால்கூட அதை அங்கேயே உடைத்துப் போட்டுவிடுங்கள்.